பார்க்க முடியாத கெண்டைக்கால்

பல்லடம் பேருந்து நிலையத்தில் யாரோ என் குதிகாலுக்கு மேலே ஓங்கி உதைத்தார்கள். அப்படித்தான் நினைத்தேன். கிளம்பிவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடி, இடது காலை ஊன்றிப் படியில் தாவிய நேரம் அது. பட்டென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தால் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள்.

"ஏங் கண்ணு, இப்படியா ஒதைக்கறது?" என்றேன்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க்கா" என்று அவள் மிரண்டுபோனாள்.

நான் நம்பவில்லை. அவள் நின்ற தூரத்திலிருந்து காலை நீட்டினாலும் என்மேல் பட்டிருக்காது என்று கண்ணுக்குத் தெரிந்தும் நம்பவில்லை. நடத்துனர் வந்து, "ஏறறதுன்னா ஏறுங்க, இல்லீன்னா எறங்கிக்கங்க" என்றார். இறங்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன். பாதம் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி பெரிதாக இல்லை என்பதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களையும் யாரும் உதைக்கவில்லை.

நான் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு நெசவு மில்லில், தறியிலிருந்து இறங்கிச் சலவையும் சாயமும் காணாத காடா துணியைப் பார்த்துத் தேற்றும் பிரிவில் மேற்பார்வையாளர். விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் துணி ஓடும். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, நூல் விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் நின்றபடியே பிடிக்க வேண்டும். துணி நன்றாக இருக்கிறது என்று நெய்தவர் சொன்னால் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பேன். வீட்டிலும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போவதில்லை என்று என் கணவர் குறைப்படுவார். அவர் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். முதலில் வலது கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். பிறகு இடதை அழுத்தினார்.

"பாத்தீங்களா, வலது பாதம் அசையுது. இடது அசையல" என்றார்.

நான் எங்கே பார்ப்பது? என் முகம் தலையணைக்குள் இருந்தது. கணவரிடம், "ஏனுங்க, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் சாந்தா. அசையல."

"நெசமாவே அசையலீங்களா?"

"டாக்டரே சொல்றாருல்ல" என்றார் அவர். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவர் கண்ணைக் கேட்டேன், அவர் டாக்டர் வாயைக் காட்டினார்.

குதிகால் நாண் அறுந்திருந்தது (கெண்டைக்காலின் தசைகளைக் குதிகால் எலும்போடு கட்டிவைக்கும் தடித்த கயிறு போன்ற திசு). நடுவயதில், பழக்கமில்லாத வேகத்தில் தாவும்போது இப்படி ஆவது உண்டாம். "யாரோ ஒதைச்ச மாதிரி இருந்துச்சுங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேருந்து நிலையச் சண்டையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கணவர்தான் போட்டுக்கொடுத்திருப்பார் என்று அவரை முறைத்தேன். "இதுக்கு வர்ற பெரும்பாலானவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மருத்துவர். அந்தப் பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு முந்தைய வருடம் கால் விரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறுவதற்கே எங்கள் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டது. அதனால் கத்தி வைக்காமல் முடியாதா என்று கேட்டேன். வேறு வழி குறைவு என்றார்கள். அறுந்த இரு முனைகளையும் இழுத்துத் தைத்தார்கள். தையல் ஆறியது. ஆறியது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதுவும் காலுக்குப் பின்னால்தான் இருந்தது.

மாவுக்கட்டு, அதன்பின் பூட்ஸ் போன்ற ஒரு தாங்கி. எல்லாம் கழன்ற அன்று என் காலை நான் குனிந்து பார்த்தேன். பாதம் என்னுடையதுதான், கொலுசுத் தழும்பு இருந்தது. அதற்கு மேலே, பக்கவாட்டில் தெரிந்த வரைக்கும், கெண்டைச்சதை இருக்க வேண்டிய இடத்தில் தோல் தொளதொளவென்று தொங்கியது. கையை வைத்தால் எலும்பு உடனே தட்டுப்பட்டது. அழுதேன்.

"நல்லா இருக்குதுங்கம்மா. இது எல்லாருக்கும் ஆவறதுதான்" என்றார் மருத்துவர். கணவரும், "நல்லா ஆயிரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதொண்ணும் ஆகாது அம்மணி, நல்லாத்தான இருக்குது" என்றார். மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். 'ங்க' போட்டுத் தடவிக் கொடுத்து, காப்பி கொடுத்து, பிறகும் சொல்ல மாட்டார்கள்.

பீரோக் கண்ணாடியில் பார்க்கலாம் என்று முயன்றேன். இடுப்பைத் திருப்பினால் காலும் திரும்புகிறது, தசையின் வடிவம் மாறிவிடுகிறது. நான் பார்க்கும்போது மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. தன் உடம்பிலேயே ஒரு பாகத்துக்கு அடுத்தவர் வாயை நம்ப வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்) நித்யா என்ற சின்னப் பெண். ஆரம்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மட்டும் எம்பச் சொன்னார். அது நன்றாக வந்தது. கொஞ்ச காலம் கழித்து, "இனிமே நின்னு பண்ணோணுங்க்கா. செவுத்தப் புடிச்சுக்கங்க, முட்டி மடங்காம எம்புங்க. மொதல்ல ரெண்டு காலுல, பொறகு மெதுவா இடதுக்கு எடையை மாத்துங்க" என்று செய்து காட்டினார். சரிங்க என்று வந்துவிட்டேன்.

வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கோவைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் நின்றால் இன்னொருவர் உட்கார மாட்டார். வந்தவர் நின்றால் வீட்டுக்காரருக்குக் குற்றம், வீட்டுக்காரர் நின்றால் வந்தவருக்குச் சங்கடம். நோயாளி நின்றுவிட்டாலோ வீடே பதறும். நான் கூடத்துச் சுவரைப் பிடித்து நின்றதும் மாமியார் சமையலறையிலிருந்து நாற்காலியோடு வந்துவிடுவார். "ஏன் அம்மணி நின்னுட்டே இருக்கற? உக்காரு சாமி."

பார்க்க வருகிறவர்களும் ஓயவில்லை. சாத்துக்குடியும் ரொட்டிப் பொட்டலமுமாக யாராவது வந்தபடி இருந்தார்கள். என் நங்கையா, அதாவது கணவரின் அக்கா, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். நான் நின்றால் அவரும் நிற்பார். "நீ உக்காந்தாத்தான் நானு உக்காருவேன்" என்பார். அவருக்கு மூட்டு வலி. நான் எப்படி நிற்பது? உட்கார்ந்துவிடுவேன்.

உட்கார்ந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. எம்புவது எம்புவதுதானே, நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன என்று நாற்காலியிலேயே குதிகாலை எம்பினேன். சுலபமாக வந்தது. அதனால் முழங்கால்மேல் ஒரு சின்ன அரிசிப் பையை வைத்து எம்பினேன். பிறகு பெரிய பை. தொலைக்காட்சி ஓடும்போதும், விருந்தாளி பேசும்போதும் என் கால் எம்பிக்கொண்டே இருந்தது. நங்கையா அதைப் பார்த்து, "நெம்பக் கெட்டிக்காரி" என்று எல்லா வீட்டிலும் சொல்லிப்போட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நித்யா ஒவ்வொரு முறையும், "பண்றீங்களாக்கா?" என்பார். "விடாமப் பண்றேனுங்க" என்பேன். அது பொய்யில்லை. அங்கே என்னை இரண்டு காலிலும் எம்பச் சொல்வார். வலது கால் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும், நான் எம்பிவிடுவேன். அவரும் சந்தோஷப்படுவார்.

ஆனால் கால் வளரவில்லை. கெண்டைக்காலின் மேல்பகுதி எல்லாம் கழன்ற அன்று இருந்தது போலவே கைக்குத் தட்டையாகப் பட்டது. நடக்கும்போது இடது குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் இழுத்துக்கொண்டு வந்தது. இடது காலில் மட்டும் நின்று எம்பப் பார்த்தேன். தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றது. நித்யா டேப்பைச் சுற்றி அளந்து, "கொஞ்சம் ஏறியிருக்குங்க்கா" என்றார். டேப்பை இழுத்துப் பிடித்தால் ஓர் அளவு, தொளதொளவென்று விட்டால் ஓர் அளவு. எங்கள் தொழிலில் அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். என் மனதுக்குள் ஒரு முடிவு உருவாகிவிட்டது. தையல் விட்டுப்போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

கோவையில் வேறொரு மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் பார்த்தார். தைத்த நாண் கொஞ்சம் நீண்டுவிட்டதுபோல் தெரிகிறது என்றார். நாண் நீண்டால் தசை எவ்வளவு இழுத்தாலும் குதிகால் எழாது. தொய்ந்த கயிற்றை இழுப்பது போலத்தான். "அப்படித்தான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா இவ்வளவு பயிற்சி பண்ணியும் சதை வரலீன்னா, திரும்பத் திறந்து சுருக்கித் தைக்க வேண்டி வரலாம்" என்றார்.

என் சந்தேகம் ஜெயித்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். விரல் புண்ணே லேசில் ஆறாத காலில் மறுபடியும் கத்தி. ஆறாவிட்டால்? காலை எதுவரைக்கும் எடுப்பார்கள்? கணவர் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "பயமா இருக்குதுங்க" என்றேன். நல்லா ஆயிரும் என்று அன்று அவர் சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டோம். பழைய ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட்டுகளை வாங்கப் போனேன். வாங்கும் சாக்கில் நித்யாவிடம் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதும் எண்ணம். கேட்டேன். எனக்குத் தெரிந்த மரியாதையோடு, "ஏனுங்க மேடம், டேப்பைக் கொஞ்சம் லூசாப் புடிச்சீங்களோ?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அக்கா, ஊட்டுல எப்படிப் பண்றீங்களோ அதே மாதிரி பண்ணிக் காட்டுங்க" என்றார்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால்மேல் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

"எதுக்குங்க்கா ஸ்டூலு?"

"எம்பறதுக்குத்தானுங்க."

"நான் நின்னு பண்ணச் சொன்னேனுங்களே."

"நின்னா எல்லாரும் நிக்கறாங்களே கண்ணு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவளும் அந்த ஆஸ்பத்திரிக்காரிதானே, தைத்த டாக்டரைக் காப்பாற்றப் பழியை என் நாற்காலிமேல் போடுகிறாள் என்று நினைத்தேன்.

கெண்டைக்காலில் இரண்டு தசைகள் முக்கியம் என்றார். மேலே தெரிவது கேஸ்ட்ராக்னீமியஸ் (கெண்டைக்காலுக்கு உருண்ட வடிவம் தரும் பெரிய தசை). அது முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பின் அடியில் தொடங்குகிறது. அதன் அடியில் இருப்பது சோலியஸ் (தட்டையான உள்தசை). அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து குதிகால் நாணாக முடிகின்றன. முழங்கால் மடங்கியிருந்தால் மேல்தசை தளர்ந்துவிடும். எவ்வளவு எம்பினாலும் பெரும்பாலான வேலையை உள்தசையே செய்துகொள்ளும். முழங்கால் நீண்டு நின்றால்தான் மேல்தசை விறைத்து வேலைக்கு வரும். "நீங்க இத்தனை நாளும் உள்தசைக்கே சோறு போட்டிருக்கீங்க. மேல இருக்கறது பட்டினி" என்றார்.

"இதை நான் எப்படீங்க நம்பறது?"

"என்னைய நம்ப வேண்டாம். உங்க கைய நம்புங்க."

என் நல்ல காலான வலது கெண்டைக்காலின் மேல்பகுதியில் என் கையையே வைக்கச் சொன்னார். உட்கார்ந்து எம்பினேன். மேலே சதை பிசைந்த மாவுபோல் கிடந்தது. எழுந்து, முழங்காலை நீட்டி எம்பினேன். கைக்குள் அது கல்லாக எழுந்தது. மறுபடி உட்கார்ந்தேன். மாவு. நின்றேன். கல். நித்யா போதும் என்று சொல்லும்வரை மாறி மாறிச் செய்தேன். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை.

கால் வளரவில்லை என்ற என் சந்தேகம் சரிதான். ஆளைத்தான் தவறாகப் பிடித்திருந்தேன். ஆனாலும் நாண் நீண்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அப்படியே இருந்தது. நித்யாவும் அதை ஒத்துக்கொண்டார். இரண்டு மருத்துவர்களிடமும் பேசி, ஆபரேஷனைத் தள்ளிவைக்க வைத்தார். இடைப்பட்ட காலத்தில் நின்று எம்பி, இடது குதிகால் தனியாகத் தரையை விட்டால் கத்தி வேண்டாம். விடாவிட்டால் திறந்தே ஆக வேண்டும்.

வீட்டில் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டேன். மாமியாருக்கு அது பெரிய அவமானம். "வாரவங்க எங்க உக்காருவாங்க?" என்றார். "நிக்கறதுதானுங்க அத்தை எனக்கு மருந்து" என்றேன். முழுதாக நம்பாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த முறை நங்கையா வந்தபோது நான் சுவரைப் பிடித்து எம்பிக்கொண்டே பேசினேன். மூட்டு வலியோடு அவரும் நின்றார். உள்ளே போய்க் கட்டிலில் உட்காருங்கள் என்று எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

சதை வருவதற்கு எடுக்கும் காலம் ஒரு தனிக் காலம். இன்று செய்ததற்கு நாளை பலன் தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தேடினால் பைத்தியம் பிடிக்கும். மில்லில் ஒரு பீஸ் துணியை ஓட்டிமுடித்தால் தேறியதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. வலது காலிலிருந்து இடது காலுக்கு எடையை நகர்த்தி நகர்த்தி, விரல் நுனிகளால் சுவரைத் தொடும் அளவுக்கு வந்தேன். கூடவே, இதுவும் ஏமாற்றாகத்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நான் அடக்கவில்லை. பயிற்சியைச் சரியாகச் செய்கிறேனா என்று பார்த்துக்கொள்ள அந்தக் குரலும் உதவியது.

ஒரு நாள் காலை, கணவர் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சித்தெ இருங்க" என்றேன். சுவரருகே இடது காலில் மட்டும் நின்றேன். கீழே எதையோ இழுத்துக் கட்டியதுபோல் கெண்டைக்காலில் விறைப்பு ஏறியது. உடம்பு உயர்ந்ததா, அல்லது நான் தலையை மட்டும் நிமிர்த்தினேனா என்று எனக்கே தெரியவில்லை. குனிந்தால் விழுந்துவிடுவேன்.

"எம்புச்சுங்களா?"

அவர் வந்து என் பின்னால் தரையில் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்த தீவனச் சீட்டை எடுத்துக் குதிகாலின் ஓரத்தில் தரையோடு பிடித்தார். "இன்னொருக்கா" என்றார். எம்பினேன். காகிதம் தரையில் உரசிப்போகும் சத்தம் கேட்டது.

"போவுது" என்றார். "அக்கட்டால இருந்து இக்கட்டால வருது."

"நெசமா?"

"நெசம்."

"கெண்டைச்சதை? அது வந்துருச்சுங்களா?"

ஒரு கையால் என் இடது காலையும் மறு கையால் வலது காலையும் பிடித்துப் பார்த்தார். கோழியைத் தூக்கி எடை சொல்கிறவருடைய கை அது.

"இல்ல சாந்தா" என்றார். "மெலிஞ்சுதான் இருக்குது. பக்கத்துக் காலு மாதிரி இல்ல. இனி அந்தளவுக்கு வருமான்னும் தெரியல."

தையல் போட்டதிலிருந்து அவர் என் காலைப் பற்றிச் சொன்ன முதல் கெட்ட செய்தி அது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பதறி எழுந்து, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். அவருக்குப் புரியவில்லை. மெலிந்திருப்பதை மெலிந்தது என்று சொல்லிவிட்டதால்தான், காகிதம் போனது என்று அவர் சொன்னதை நான் நம்பினேன்.